ஸ்பிரிங் தொட்டில்லேருந்து மெத்தைக்கு: 20 மாசம், 11.5 கிலோ, எப்படி இறக்குறது?

செந்தூல் அம்மா | 6 அக்டோபர் 2024, இரவு 10:40

மகனுக்கு 20 மாசம், 11.5 கிலோ. பொறந்ததுலேருந்து ஸ்பிரிங் தொட்டில், சாரோங் (கைலி) துணி. பகல்ல பாட்டி ஆட்டுறாங்க, ராத்திரி நாங்க மாத்தி மாத்தி. ஆட்டம் நின்னா ரெண்டு நிமிஷத்துல கண் முழிக்கிறான். ஸ்பிரிங் பாக்கெட்டுல 15 கிலோன்னு போட்டிருக்கு, அதனால இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்னு வீட்டுல சொல்றாங்க. ஓட்டலாமா? மாத்தணும்னா எங்கேருந்து தொடங்குறது? 31ஆம் தேதி தீபாவளிக்கு பினாங்கு போறோம், அங்க தொட்டில் மாட்ட இடமே இல்ல.

கெப்போங் ஹார்ட்வேர் | 6 அக்டோபர், இரவு 11:25

கிலோவை நம்பி ஓட்டாதீங்க தங்கச்சி. அந்த எண்ணை அசையாம படுத்துக் கிடக்கிற பிள்ளைக்குன்னு வச்சுக்குங்க. 20 மாசத்துப் பையன் தொட்டில்ல கண் முழிச்சா முதல்ல உட்காருவான், அப்புறம் துணியைப் பிடிச்சு நிப்பான், அப்புறம் எம்புவான். எம்புற நேரத்துல ஸ்பிரிங் மேல விழுற பளு 11.5 கிலோவைவிட ரொம்ப கூட. உட்கார்ந்தாலே எடை துணியோட ஓரத்துக்கு வந்துடும், துணி ஒரு பக்கமா சரிஞ்சு ஆளைக் கொட்டிடும். தொட்டிலை விடுற நாளை எடை சொல்லாது. பிள்ளை தானா எந்திரிச்சு உட்கார ஆரம்பிச்ச அன்னைக்கே அந்த நாள் வந்துட்டது.

மாத்தி முடிக்க எப்படியும் ரெண்டு வாரம் ஆகும். அது வரைக்கும் தொங்கப்போற ஸ்பிரிங்கை நாளைக்குப் பகல்ல கழட்டி வெளிச்சத்துல பாருங்க. ஸ்பிரிங் நடு வளையத்துல அறுறது அபூர்வம். ரெண்டு முனையிலயும் கொக்கியா வளைச்சிருக்கே, அங்கதான் போகும், ஏன்னா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பி மடங்கி நிமிர்றது அந்த வளைவுலதான். அதை விரல் நகத்தால தடவுங்க. கீறல் மாதிரி தட்டுப்பட்டாலும் சரி, துரு பொரிஞ்சிருந்தாலும் சரி, தூக்கிப் போடுங்க. அப்புறம் ஸ்பிரிங்கை வெறுமனே கையில தொங்க விடுங்க. நல்ல ஸ்பிரிங்னா வளையம் ஒன்னோட ஒன்னு ஒட்டி நிக்கும். இடையில வெளிச்சம் தெரிஞ்சா தளர்ந்துட்டதுன்னு அர்த்தம், அதுவும் ஆகாது.

பாதுகாப்புக் கயிறு இருக்கா? ஸ்பிரிங் நடுவுல ஓடி, மேல கொக்கியிலயும் கீழ வளையத்துலயும் தனித்தனியா கட்டியிருக்கணும். பிள்ளையைப் போட்டு ஆட்டும்போது ஸ்பிரிங் அதிகபட்சம் எவ்வளவு நீளுதோ அதைவிட நாலு விரல் கூட இருந்தா போதும். ஸ்பிரிங் அறுந்து கயிறு பிடிக்கிறப்போ பிள்ளை முதுகு தரையைத் தொடக்கூடாது, அதுதான் கணக்கு.

ஜெலுத்தோங் தாஸ்கா அக்கா | 7 அக்டோபர், காலை 6:50

மேல இருக்கிற அண்ணே சொன்னதை முதல்ல செய்யுங்க. தூக்கத்தைப் பத்தி நான் சொல்றேன்.

ஆட்டாம தூங்கத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. தாஸ்கான்னா மலேசியாவுல பகல்ல பிள்ளைங்களைப் பார்த்துக்கிற இடம். அங்க ஒன்னுலேருந்து மூணு வயசு வரைக்கும் அஞ்சு பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர்னு விதி. அஞ்சு தொட்டிலை ரெண்டு கையால ஆட்ட முடியுமா? மத்தியானம் 1 மணிக்கு எல்லாரும் மெல்லிசு மெத்தையில வரிசையாத்தான் படுப்பாங்க, தூங்கியும் போவாங்க. அதே பிள்ளைங்க சாயங்காலம் வீட்டுக்குப் போனா தொட்டில் கேட்டு அழுவாங்க. எந்த இடத்துல எப்படித் தூங்கிப் பழகுச்சோ அந்த இடத்துல அதையே கேட்குது பிள்ளை.

ரெண்டு நிமிஷத்துல ஏன் முழிக்கிறான்? ஆட்டத்துலயே கண்ணை மூடினான், ஆழத்துக்குப் போறதுக்குள்ள ஆட்டம் நின்னுட்டது. ராத்திரியில எல்லா மனுஷனும் பல தடவை லேசா முழிச்சு திரும்பப் படுப்போம். அந்த நேரம் பிள்ளை தேடுறது கண்ணை மூடினப்போ என்ன இருந்துச்சோ அதை. அதனால நாம மாத்த வேண்டியது கண்ணை மூடுற அந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான். மிச்ச ராத்திரி தன்னால பின்னாடி வரும்.

முதல் 3 ராத்திரி எதையும் குறைக்காதீங்க, சேர்க்க மட்டும் செய்ங்க. உடம்பு துடைச்சு, பால் குடிச்சு முடிச்சு, பல் விளக்கி, லைட்டை அணைச்சு, தினமும் இதே வரிசை, இதே நேரம். போத்தலோட தொட்டில்ல போடுற பழக்கம் இருந்தா அதை இப்பவே பிரிங்க. வாயில பாலோட தூங்கினா முன்பல்லு மேல் வரிசையிலேருந்து சொத்தையாகும். பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். வழக்கம்போல ஆட்டுங்க, ஆனா இன்னொரு கையால இடுப்புல தட்டிக்கிட்டே ஆட்டுங்க, கூடவே ஏதாவது ஒரே மெட்டை முனகுங்க.

4, 5, 6: கண் சொக்குற வரைக்கும் ஆட்டி, நிறுத்திடுங்க. தட்டுறதையும் முனகுறதையும் விடாதீங்க. அழுதா திரும்ப ஆட்டலாம், ஆனா முன்ன ஆட்டினதுல பாதி. 7, 8, 9: தொட்டில் அசையாம தொங்கும், கை மட்டும் வேலை செய்யும். இந்த மூணு நாள்தான் கஷ்டம், அரை மணி முக்கால் மணி ஆகலாம். 10: தொட்டில் இருந்த அதே இடத்துல தரையில மெத்தை, மேல அந்தச் சாரோங் துணியையே விரிப்பா போடுங்க. துவைக்காம போடுங்க, வாசனை அப்படியே இருக்கணும்.

மத்தியானத் தூக்கத்தை இப்போ தொடாதீங்க. ராத்திரி நேரத்துல களைப்பே நம்ம பக்கம் இருக்கு. பகல்ல அந்தத் துணை பாதிதான். ராத்திரி மெத்தை நாலு நாள் நிலைச்ச பிறகு பகலை மாத்துங்க. இன்னைக்குத் தொடங்கினா 20ஆம் தேதி வாக்குல முடியும், தீபாவளிக்கு முன்ன பத்து நாள் கையில இருக்கும். ஊருக்குப் போற வாரத்துல தொடங்கவே வேணாம்.

செந்தூல் அம்மா | 7 அக்டோபர், மதியம் 1:15

ஸ்பிரிங்கைக் கழட்டிப் பார்த்தோம். மேல் கொக்கியில துரு இருக்கு, கயிறு இல்லவே இல்ல. புதுசு வாங்குறோம். அக்கா, தட்டுறது எவ்வளவு வேகம்? நான் தட்டினா கையைத் தள்ளி விடுறான்.

கெப்போங் ஹார்ட்வேர் | 7 அக்டோபர், மதியம் 2:05

தட்டுற வேகம் ஸ்பிரிங்லயே இருக்கு. பிள்ளையைப் போட்டதும் ஸ்பிரிங் 30 சென்டிமீட்டர் நீண்டா, மேலயும் கீழயும் போற ஆட்டம் நிமிஷத்துக்கு 55 கிட்ட வரும். 50 சென்டிமீட்டர் நீண்டா 42 கிட்ட. எடை கூடக் கூட ஆட்டம் மெதுவாகும், ஆழமாகும். அவன் உடம்புக்கு அந்தத் தாளம்தான் பழக்கம். நீங்க அதைவிட வேகமா தட்டுறீங்க, அதான் தள்ளுறான்.

கெப்போங் ஹார்ட்வேர் | 7 அக்டோபர், மதியம் 2:30

என் கணக்கை ஒரு திருத்தத்தோட எடுத்துக்குங்க. புது ஸ்பிரிங்ல வளையங்கள் ஒன்னை ஒன்னு இறுக்கிப் பிடிச்சிருக்கும், அதனால நீளத்தை வச்சுப் போடுற கணக்கு கொஞ்சம் தவறும். பேசாம கைபேசியில ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஆட்டத்தை எண்ணிடுங்க. 48னு வந்தா 48 தட்டு.

பிரிக்பீல்ட்ஸ் அப்பா | 7 அக்டோபர், இரவு 9:10

ரெண்டு வாரத்துக்குத்தானே, ரெண்டு ஸ்பிரிங்கா மாட்டிடுங்க. ஒன்னு போனாலும் இன்னொன்னு தாங்கும். தொட்டிலைத் தரைக்குப் பக்கத்துல இறக்கிட்டா விழுந்தாலும் அடி இல்ல.

கெப்போங் ஹார்ட்வேர் | 7 அக்டோபர், இரவு 9:55

ரெண்டு யோசனையிலயும் ஆபத்து இருக்கு தம்பி.

ஒரே மாதிரி ரெண்டு ஸ்பிரிங்கைப் பக்கத்துல பக்கத்துல மாட்டினா நீளுறது பாதியாகும். 30 நீண்டது 15தான் நீளும், 55 ஆட்டம் 77 ஆகிடும். தொட்டில் வெடுக்கு வெடுக்குன்னு குலுக்கும், அது தூக்கத்துக்கான ஆட்டமே இல்ல. ஒன்னு அறுந்தா முழுப் பளுவும் இன்னொன்னு மேல சட்டுனு விழும். அதோட மேல இருக்கிற கொக்கி அதே ஒத்தைக் கொக்கிதானே? ஸ்பிரிங் ஒன்னு போதும், புதுசா இருக்கட்டும், கயிறு இருக்கட்டும்.

தரைக்கு இறக்குறது அதைவிட மோசம். ஆழமா ஆட்டினா பிள்ளை முதுகு தரையில இடிக்கும். படுத்திருக்கும்போது தரைக்கும் துணிக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கணும், கீழ மெத்தையைப் போட்டு வைங்க, அது போதும்.

கொக்கி பத்தியும் சொல்லிடறேன். பழைய பலகை வீட்டுல உத்தரத்துல மாட்டுவாங்க, பிரச்சனை இல்ல. பிளாட்டுல மேல தெரியுறது வெறும் சிலிங் போர்டா இருந்தா அதுல எந்தத் திருகும் நிக்காது. கான்கிரீட்ல துளை போட்டு, உள்ள விரியுற போல்ட் அடிக்கணும். காத்தாடிக்குன்னு விட்ட கொக்கியில தொட்டில் கட்டாதீங்க. இரும்பு ஸ்டாண்டுன்னா, நடக்கத் தெரிஞ்ச பிள்ளை அதைப் பிடிச்சுத் தொங்கும், ஸ்டாண்டு அப்படியே சாயும். தூங்காத நேரத்துல மடக்கி வைங்க. ஸ்பிரிங்குக்கு ஒரு துணி உறை போடுங்க, விரல் உள்ள போனா வளையம் மூடுறப்போ நசுக்கிடும்.

பாயான் லெப்பாஸ் தாத்தா | 8 அக்டோபர், காலை 5:40

முனகுறதுன்னு அக்கா ஒரு வரியில சொல்லிட்டாங்க. அதுல விஷயம் நிறைய இருக்கு.

"ஆராரோ ஆரிராரோ" தொட்டில் ஆட்டத்தோடயே பொறந்தது. "ஆரா"ல கை இழுக்கும், "ரோ"ல விடும். நீட்டுற எழுத்துலதான் தொட்டில் தானா திரும்பி வரும். அந்த நீட்டத்தைச் சுருக்கினா பாட்டு தொட்டிலைவிட முந்திடும். முதல் மூணு நாள் ஆட்டத்தோட சேர்த்துப் பாடுங்க, நாலாம் நாளிலேருந்து பாட்டு மட்டும் மிஞ்சும். கைபேசியில ஓடுற பாட்டு வேணாம், அது இவன் சொக்குறதைப் பார்த்து மெதுவாகத் தெரியாதது. நீங்க மெதுவாவீங்க. கடைசியில சொல்லை விட்டுட்டு "ம்ம்... ம்ம்"னு மட்டும் நிக்கும், அதுக்குள்ள தூங்கியிருப்பான்.

பாட்டுல பிள்ளை பேரையும் அத்தை மாமா பேரையும் சேருங்க. ரெண்டு வயசுல சொந்தக்காரங்க முறை எல்லாம் இப்படித்தான் காதுல ஏறும்.

செந்தூல் அம்மா | 10 அக்டோபர், இரவு 11:05

நாலாம் நாள். எண்ணிப் பார்த்தோம், 50. அந்த வேகத்துல தட்டினா தள்ளலை. ஆனா பகல்ல பாட்டி முழுசா ஆட்டுறாங்க, "பச்சப் புள்ளையை ஏன் அழ வைக்கிற"ன்னு கேட்குறாங்க. என்ன சொல்றது?

ஜெலுத்தோங் தாஸ்கா அக்கா | 11 அக்டோபர், காலை 7:00

பகல்ல ஆட்டட்டும், அதுதான் ஏற்பாடே. அவங்க ஆட்டினது தப்புன்னு ஒரு வார்த்தை வந்துடக் கூடாது. இத்தனை மாசம் நீங்க வேலைக்குப் போயிட்டு வந்தது அந்தக் கையாலதானே. பகல் மாறுற நாள் வரும்போது அவங்ககிட்ட ஆட்டுற வேலைக்குப் பதிலா வேற வேலை கொடுங்க. மெத்தையில பக்கத்துல படுத்து இடுப்புல தட்டுறது பாட்டிக்குத்தான் கைவந்தது. தூங்குற பிள்ளையைத் தூக்கித் தொட்டில்ல போட்டு எடுக்கிறது வயசானவங்க முதுகுக்கும் முட்டிக்கும் எவ்வளவு பாரம்னு எடுத்துச் சொல்லுங்க. 11.5 கிலோன்னா 10 கிலோ அரிசி மூட்டையைவிடக் கூட.

பாயான் லெப்பாஸ் தாத்தா | 11 அக்டோபர், காலை 7:45

வெறும் தொட்டிலை ஆட்டினா பிள்ளைக்கு வயித்து வலி வரும்னு பாட்டிமார் சொல்வாங்க. பையன் தன் பொம்மையைத் தொட்டில்ல போட்டு ஆட்ட ஆசைப்பட்டா பாட்டி தடுக்கப் பார்ப்பாங்க. பொம்மை இருக்கே, வெறும் தொட்டில் இல்லன்னு சொல்லி ஆட்ட விடுங்க, ஆனா நீங்க பக்கத்துல இருக்கணும். தொட்டில் இப்போ பொம்மையோடது, மெத்தை உன்னோடதுன்னு அவனாவே பிரிச்சுக்குவான்.

ஜெலுத்தோங் தாஸ்கா அக்கா | 13 அக்டோபர், இரவு 8:30

என் திட்டத்துல பத்தாம் நாளை மாத்துறேன். தொட்டில் இருந்த அதே இடத்துல மெத்தையைப் போடச் சொன்னேன். யோசிச்சுப் பார்த்தா அது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. 20 மாசத்துப் பிள்ளைக்கு மேல தொங்குற கொக்கி தெரியும், அதைக் கை காட்டி "ஆட்டு"ன்னு கேட்கும். கேட்கத் தெரிஞ்ச பிள்ளைன்னா மெத்தையை அறையோட வேற மூலையில போடுங்க, ஸ்பிரிங்கைக் கண்ணுல படாம எடுத்து வைங்க. இன்னும் சொல் வராத பிள்ளைக்குப் பழைய இடமே நல்லது.

மெத்தை இறங்குறதுக்கு முன்ன அறையை ஒரு தடவை முட்டி போட்டு அவன் உயரத்துலேருந்து பாருங்க. தொட்டில்ல இருந்தவரைக்கும் முழிச்சா அழுதான், நீங்க வந்தீங்க. மெத்தையில முழிச்சா நடப்பான். ஜன்னலுக்குக் கீழ மெத்தையோ நாற்காலியோ இருக்கக் கூடாது, பிளாட்டுல கிரில் இல்லாத ஜன்னலை ராத்திரி பூட்டுங்க. துணி அலமாரியைச் சுவரோட திருகி வைங்க, இழுப்பறையைப் படியாக்கி ஏறுவான். குளியலறைக் கதவைச் சாத்துங்க, வாளியில தண்ணி வைக்காதீங்க. ஒரு வாளியில உள்ளங்கை ஆழத் தண்ணிகூட தலைகீழா விழுந்த பிள்ளைக்கு அதிகம். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவுல கை நுழையுற இடைவெளி வேணாம், ஒன்னு ஒட்டிப் போடுங்க, இல்லன்னா ஒரு அடி தள்ளிப் போடுங்க.

செந்தூல் அம்மா | 17 அக்டோபர், காலை 6:20

நேத்து முதல் ராத்திரி மெத்தை. 25 நிமிஷத்துல தூங்கினான். ஆனா 1 மணி, 3 மணி, 4 மணின்னு முழிச்சான். தட்டினா படுக்கிறான், திரும்ப முழிக்கிறான். பிடரி எல்லாம் ஈரம். ஆட்டம் இல்லாததாலயா?

பாயான் லெப்பாஸ் தாத்தா | 17 அக்டோபர், காலை 6:55

பிடரி ஈரம்னா சூடும்மா. தொட்டில் துணிக்கு அடியில நாலு பக்கமும் காத்து ஓடும். மெத்தையில முதுகு ஒட்டினா வேர்க்கும், வேர்த்தா முழிப்பான். மெத்தை மேல பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கீங்களா?

செந்தூல் அம்மா | 17 அக்டோபர், காலை 7:10

ஆமா தாத்தா, மூத்திரம் போவான்னு போட்டேன்.

பாயான் லெப்பாஸ் தாத்தா | 17 அக்டோபர், காலை 7:30

அதான். அதை எடுத்துட்டு மெத்தை மேல ஒரு மெங்குவாங் பாய் (தாழை ஓலைப் பாய்), அதுக்கு மேல பருத்தி விரிப்பு. பாய்க்கு நடுவுல காத்து நிக்கும். ஈரத்துக்கு பெம்பர்ஸ் ஒன்னு தூங்கப் போறதுக்கு முன்ன மாத்திட்டா போதும். காத்தாடி நேரா முகத்துல படாம கால் பக்கமிருந்து வீசட்டும். ஏர்கான் போட்டா 25, 26லேயே வைங்க, போர்வை வேணாம். வேர்க்குதான்னு தெரிய கையைத் தொடாதீங்க, கை எப்பவும் குளிர்ந்திருக்கும். பிடரியைத் தொடுங்க.

கொசுவையும் மறக்க வேணாம். தொட்டிலுக்கு வலை இருந்துச்சு, மெத்தைக்கு இல்ல. டெங்கிக் கொசு பகல்லதான் கடிக்கும், விடியல்லயும் சாயங்காலத்துலயும் இன்னும் அதிகமா. மத்தியானத் தூக்கத்துக்குக் கூடாரம் மாதிரி விரியுற வலை ஒன்னு வாங்கிடுங்க, பினாங்குக்கும் அதையே மடக்கி எடுத்துட்டு வரலாம்.

ஜெலுத்தோங் தாஸ்கா அக்கா | 17 அக்டோபர், மதியம் 1:40

பாயை மாத்தியும் முழிச்சா வேற ரெண்டு பாருங்க. ஒன்னு மத்தியானத் தூக்கம் எத்தனை மணிக்கு முடியுது. 3 மணிக்கு மேல போனா ராத்திரி லேட்டாகும். ஒரு வயசுலேருந்து ரெண்டு வயசு வரைக்கும் பகலும் ராத்திரியும் சேர்த்து 11லேருந்து 14 மணி நேரத் தூக்கம்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது, பகல்ல 3 மணி நேரம் தூங்கிட்டு ராத்திரி 10 மணி தூங்கினா அதுவே 13 ஆச்சு. இன்னொன்னு குறட்டை. தொட்டில்ல உடம்பு வளைஞ்சு கிடக்கும், மெத்தையில மல்லாந்து படுக்கும்போதுதான் சில பிள்ளைக்குக் குறட்டை தெரியும். சளி இல்லாத நாளிலயும் தினமும் குறட்டை விட்டாலோ, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்தாலோ தூக்கப் பழக்கம்னு விட்டுடாம கிளினிக்குல காட்டுங்க.

செந்தூல் அம்மா | 20 அக்டோபர், இரவு 9:50

பாய் போட்டதிலேருந்து ஒரே தடவைதான் முழிக்கிறான். குறட்டை இல்ல. நாளைக்கு பகல் தூக்கம் மாத்துறோம், பாட்டி பக்கத்துல படுக்கிறேன்னு சொல்லிட்டாங்க. ஊர்ல என்ன செய்யுறது? ரயில்ல நாலு மணி நேரம், அப்புறம் ஃபெரி.

ஜெலுத்தோங் தாஸ்கா அக்கா | 21 அக்டோபர், காலை 6:45

பாய், சாரோங், வலை மூணும் கைப்பையில. துணியைத் துவைக்காம கொண்டு வாங்க. ரயில் ஆட்டத்துல தூங்கிடுவான், அதுல தப்பில்ல, அன்னைக்கு ஒரு நாள் கணக்குல வராது. ரயில் இறங்குற பட்டர்வொர்த் வர்றதுக்கு அரை மணி முன்ன எழுப்பிடுங்க, இல்லன்னா ராத்திரி 11 வரைக்கும் ஆடுவான். உறவுக்காரங்க யாராவது சேலையில ஏணை கட்டித் தர்றேன்னு வருவாங்க. முதல் ராத்திரி அதுக்கு ஒத்துக்கிட்டா திரும்பி வந்து நாலாம் நாளிலேருந்து செய்யணும். மடியில வச்சு தட்டிக் கொடுங்கன்னு பிள்ளையை அவங்ககிட்டயே கொடுத்துடுங்க, கொஞ்சணும்ங்கிற ஆசைதான் அது. பட்டாசு சத்தத்துக்கு முழிச்சா தட்டுற வேகத்தைக் கூட்டாதீங்க, அதே 50.

செந்தூல் அம்மா | 24 அக்டோபர், இரவு 10:15

பகலும் மெத்தைதான் இப்போ, மூணு நாளா. கடைசியா ஒன்னு: ஸ்பிரிங்கையும் கொக்கியையும் என்ன செய்யுறது? கொழுந்தனார் வீட்டுல டிசம்பர்ல குழந்தை, தொட்டில் கேட்குறாங்க.

கெப்போங் ஹார்ட்வேர் | 24 அக்டோபர், இரவு 10:50

துணியைக் கொடுங்க. ஸ்பிரிங்கைக் கொடுக்காதீங்க. ரெண்டு வாரம் ஆடினதுதான்னாலும் 11.5 கிலோ பிள்ளைக்குன்னு வாங்கினது, 3 கிலோ பிள்ளைக்கு அது நீளவே நீளாது, தொட்டில் மரக்கட்டை மாதிரி நிக்கும். அவங்க எடைக்கு ஏத்த மென்மையான ஸ்பிரிங்கை வாங்கணும், பிள்ளை வளர வளர மாத்தணும். முதல் சில மாசம் கழுத்து நிக்காது, துணிக்குள்ள தாடை நெஞ்சுல படிஞ்சா மூச்சு அடைக்கும். ராத்திரித் தூக்கத்துக்கு அந்தப் பிள்ளைக்குத் தட்டையான கெட்டி மெத்தைதான், மல்லாக்க. தொட்டில் ஆள் கண் முன்ன இருக்கிற நேரத்துக்கு மட்டும். உள்ள தலகாணி வைக்க வேணாம்னு சொல்லிடுங்க.

உங்க வீட்டுக் கொக்கியைக் கழட்டி, துளையில சிமென்ட் பூசிடுங்க. போல்ட் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தா அடுத்த வருஷம் யாராவது அதுல வேற எதையாவது தொங்க விடுவாங்க.

ஜெலுத்தோங் தாஸ்கா அக்கா | 25 அக்டோபர், காலை 6:40

துணியைத் தீபாவளி முடிஞ்சு கொடுங்க தங்கச்சி. பினாங்குல அவனுக்கு அது வேணும்.